சாராளின் பஸ் ஸ்டாப்

3-2-2025
தொழிலாளிகள் தங்கள் கம்பெனி பஸ் ஸ்டாப்பை மாற்றிக்கொள்ளும் வெப் பக்கத்தை எழுதி முடித்தேன். இனி அவர்கள் ஆபீசுக்கு அலைய வேண்டாம். கேட் அருகே உள்ள கம்ப்யூட்டரிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பிரவுசரில் நிரப்புவதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வருகிறது. சர்வர் அவற்றைக் கோத்து ஒரு முழுத் தொழிலாளியாக – பெயர், ஸ்டாப், உடல்நலம் எல்லாம் கொண்ட ஓர் ஆப்ஜெக்டாக – ஆக்கிச் சேமிக்கிறது. ஆனால் என் பக்கத்தில் உடல்நலக் கேள்வி இல்லை. அந்த இடத்தில் சர்வர் எதை வைக்கும்?

லக்ஷ்மணிடம் கேட்டேன். என் மகன் வயது, எனக்கு மேலதிகாரி.
“அதெல்லாம் அடியில ஓடற ரெடிமேட் ஃப்ரேம்வொர்க்கே பாத்துக்கும், சம்பத் சார். காலேஜ் வாத்தியார் வேலையை விட்டு வந்தும் பேப்பர் திருத்தறத விடமாட்டீங்களா?”
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

5-2
பக்கம் நடைமுறைக்கு வந்துவிட்டது. சோதித்துப் பார்க்கவில்லை. லக்ஷ்மண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

11-2
பேக்கிங்கில் வேலை செய்யும் சாராளை, கம்பிகளை ஆசிட்டில் கழுவும் தொட்டிப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்துமாக்காரி. மூச்சுத் திணறி விழுந்து, இப்போது ஆஸ்பத்திரியில்.

சூப்பர்வைசர் குப்புராஜ் கத்திக்கொண்டிருந்தார். “நான் இன்னா பண்றது? ஆஸ்துமா இல்லன்னு சிஸ்டத்துல கீதே! வேலைய டபாய்க்க கதை உடுதுன்னு நெனச்சிட்டேன்.”

வீடு மாறியதால் போன வாரம்தான் அவள் ஸ்டாப்பை மாற்றினாள். என் பக்கத்தில்.

12-2
சோதனைப் பதிவில் என் பெயரைப் போட்டு, ஆஸ்துமா உண்டு என்று குறித்தேன். பிறகு ஸ்டாப்பை மாற்றினேன். ஆஸ்துமா காணோம். படிவத்தில் வராததைச் சர்வர் ‘இல்லை’ என்றே வைத்துக்கொண்டு, பழைய பதிவின் மேல் எழுதிவிட்டது.

ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகலையே! அன்னிக்கே பண்ணிப் பார்த்திருக்கலாமோல்லியோ? எதுக்குப் பயந்தே – ஒரு சிரிப்புக்கா?

13-2
சாராள் ஆஸ்துமா இல்லை என்று பொய் சொல்லி வேலையில் சேர்ந்தாளாம், நீக்கப் போகிறார்களாம். மேலாளர் வைஜயந்தியின் அறைக்குப் போனேன்.
“அவ மறைக்கலை, மேடம். நாங்கதான் அழிச்சோம். நான் எழுதினது.”
நீக்கும் உத்தரவை மேடம் அங்கேயே நிறுத்திவிட்டார்.

14-2
சரிசெய்தாயிற்று. இனி சர்வர் பழைய பதிவை முதலில் எடுத்து, அதில் ஸ்டாப்பை மட்டும் மாற்றும். விவரம் அழிந்துபோனவர்களின் பதிவுகளை, இந்தப் பக்கம் வருவதற்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய நகலிலிருந்து திரும்பக் கொண்டுவந்தோம்.

3-3
சாராள் பேக்கிங்குக்குத் திரும்பிவிட்டாள். பழைய நகலிலிருந்து எடுத்ததில் அவள் ஸ்டாப்பும் பழையதாகவே வந்திருக்கிறது.

“வாம்மா, நானே கூட நின்னு மாத்தித் தரேன். இப்ப ஒண்ணும் ஆகாது.”
“வேணாம் சார். அதைத் தொட்டா இன்னும் எது போவுமோ. பழைய ஸ்டாப்புலயே எறங்கி நடந்துகினே போய்க்கிறேன்.”

பதிவில் உள்ள ஸ்டாப்பில்தான் கம்பெனி பஸ் இறக்கிவிடும். நான் போவதும் அதே பஸ். பழைய ஸ்டாப்பில் இறங்கினாள். அங்கிருந்து புது வீடு நெடுந்தூரம். லாரிப் புழுதிக்குத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொஞ்சம் நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள்.