நீ போட மறந்த இரண்டு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். இந்த வயதில் பத்தாவது பரீட்சை எதற்கு என்று போன மாதம் கேட்டாயே, சொல்கிறேன் கேள். ஆஸ்பத்திரி சலவை அறையில் பதினெட்டு வருஷமாக எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது அங்கே தலைமைப் பொறுப்பு ஒன்றை உண்டாக்கி, பத்தாவது தேறியவருக்குத்தான் அது என்று சொல்லிவிட்டார்கள். நான் தேறாவிட்டால் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்தறியாத யாரோ வந்து எனக்குத் துவைக்கச் சொல்லிக்கொடுப்பார், அதை என்னால் தாங்க முடியாது. மற்ற பாடங்களைப் போன வருஷமே முடித்துவிட்டேன், அறிவியல் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அமிலம், காரம் என்று பாடத்தைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எல்லாம் எங்கள் அறையில் கேன் கேனாக நிற்கிறவை. விரிப்புகளைக் காரத்தில் துவைத்து, கடைசி அலசலில் கொஞ்சம் அமிலம் அளந்து விடுவோம், விடாவிட்டால் நோயாளிக்கு உடம்பு அரிக்கும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. துணியில் தங்கிய காரத்தை அமிலம் சரிக்கட்டி உப்பும் தண்ணீருமாக மாற்றிவிடுகிறதாம், அதற்கு நடுநிலையாக்கல் என்று பெயராம். மறுநாளே பக்கத்து மெஷின்காரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அவள் "அதெல்லாம் இருக்கட்டும்க்கா, மொதல்ல அந்த விரிப்ப மடிங்க" என்றாள்.

செய்முறைத் தேர்வில்தான் மானம் போகப் பார்த்தது. மூன்று சோதனைக்குழாய்களைக் கொடுத்து எது அமிலம், எது காரம், எது தண்ணீர் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். லிட்மஸ் தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, நான் பழக்க தோஷத்தில் ஒன்றிலிருந்து இரண்டு சொட்டு விரலில் விட்டுத் தேய்த்து, வழவழவென்று இருக்கிறது, இது காரம் என்று சொல்லிவிட்டேன். தேர்வாளர் துள்ளி எழுந்து, "என்னம்மா பண்றீங்க, மொதல்ல கையக் கழுவுங்க" என்று சத்தம் போட்டார். தப்பு என்மேல்தான், நல்லவேளை நிறையத் தண்ணீர் கலந்த காரம். கழுவிவிட்டு வந்து சிவப்புத் தாளைத் தோய்த்து நீலமாக்கிக் காட்டினேன். வழவழப்பு எதனால் என்று கேட்டார், தோலில் இருக்கிற எண்ணெயைக் காரம் சோப்பாக்கிவிடுகிறது என்றேன். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னவோ எழுதிக்கொண்டார்.

நேற்று எழுத்துத் தேர்வும் முடிந்தது. சமன்பாடுகளுக்கு உன் பழைய நோட்டைத்தான் வைத்துப் படித்தேன். சோடியம் ஹைட்ராக்சைடும் கந்தக அமிலமும் சேர்கிற பக்கத்தில், ஓரமாகப் பென்சிலால், "அம்மாவுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது" என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து வயதில் எழுதியது என்று தெரிந்தாலும் அழுதுவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன். மூக்கைச் சிந்திவிட்டு அந்தச் சமன்பாட்டை எண்ணிப் பார்த்தால் இடதுபக்கம் ஒரு சோடியம், வலதுபக்கம் இரண்டு. ஹைட்ராக்சைடுக்கு முன்னாலும் தண்ணீருக்கு முன்னாலும் இரண்டு போட மறந்திருக்கிறாய் கண்ணு. நேற்று அதே கேள்வி வந்தது, உன்னை நம்பி நெட்டுருப் போட்டிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்! இரண்டு இரண்டையும் போட்டுவிட்டு, இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

நீ எழுதியதை நான் அழிக்கவில்லை, அதற்குக் கீழேயே சமன் செய்து எழுதி வைத்திருக்கிறேன், வரும்போது பார்த்துக்கொள். முடிவு அடுத்த மாதம் பத்தாம் தேதி. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, குளியலறை கழுவும்போது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டாதே, விஷவாயு கிளம்பும். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் செய்து கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பத்தாம் தேதியிலிருந்து சலவை அறைத் தலைவி.