அலமேலு தாண்டிய பேனர்

ஜனவரி 6, பாகூர்
கட்டை, பள்ளம், தண்ணீர்க் குழி என்று காலையில் எல்லாவற்றையும் தாண்டிய குதிரை கடைத்தெருவில் நின்றுவிட்டது. ஐந்நூறு கிலோ அலமேலு, அசையவே இல்லை. காரணம் நான்தான். பதினைந்தடி உயர பேனரில், கைகூப்பியபடி. ‘ஒலிம்பிக் நாயகி வெண்ணிலாவே வருக!’ கீழே சின்னச் சின்னப் படமாக, பேனர் வைத்த அரங்கநாதன் மாமா, கரும்பு விவசாயிகள் பதினெட்டு பேர், ஒரு கைக்குழந்தை.

நான் இன்னும் தகுதிச் சுற்றுக்கே போகவில்லை! இருப்பது இரண்டு சுற்று. ஒன்றிலாவது முதலில் வராவிட்டால் பன்னிரண்டு வருட உழைப்பு அம்போ.

ஜனவரி 7
“எடுத்துடுங்க மாமா, குதிரை மிரளுது.”
“குதிரைக்குப் பயந்து பேனர எடுக்கறதா? இன்னாம்மா நீ! குதிரைய பழக்கு.”
நியாயம்தானோ?

ஜனவரி 19
கரும்புக் கொல்லையில் எல்லாத் தடைகளிலும் பழைய பேனர் கட்டிப் பழக்குகிறேன். மஞ்சள் நீராட்டு விழாவை அலமேலு ஒரே தாவில் தாண்டுகிறாள். கண்ணீர் அஞ்சலியில் மட்டும் கொஞ்சம் தயக்கம்.

பிப்ரவரி 2
என்னையே தாண்டிவிட்டாள்!

பிப்ரவரி 11, பெங்களூரு
முதல் தகுதிச் சுற்று. இன்று குதிரையின் நடைக்கான பகுதியில் நான்தான் முன்னணி. நாளை காட்டுப் பாதையில் தடை தாண்டல். எனக்கென்று எண் போட்ட தடைகளைத் தவிர வேறெதையும் தாண்டக்கூடாது. மாமா வேன் பிடித்து வருகிறாராம். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

பிப்ரவரி 12
வெளியேற்றிவிட்டார்கள்.

பதினான்காவது தடையைத் தாண்டித் திரும்பினால், பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் போட்டிக்கான தடை. அதன்மேல் நான், கைகூப்பியபடி. மாமா கட்டிய புது பேனர். கடிவாளத்தை எவ்வளவோ இழுத்தேன். அலமேலு என் மூக்குக்கு ஓர் அடி மேலே, அவ்வளவு அழகாகத் தாண்டினாள். வேனில் வந்தவர்கள் விசிலடித்தார்கள். “இன்னா தாவு தாவுது பாருடா!” மாமா கண்ணில் தண்ணீர். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

யாரைக் கேட்டு கட்டுனீங்க மாமா? யாரைக் கேட்டு? — கேட்கவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மார்ச் 3, பாகூர்
“அடுத்தது எப்பம்மா? வேன் சொல்லணும்.”
இருபத்து நான்காம் தேதி. முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, பெங்களூரு
முதலிடம். ஒலிம்பிக்குக்குப் போகிறேன்.

நாலு பேர் கைதட்டினார்கள், அதுவும் மெதுவாக. சந்தோஷம் தாங்காமல் மாமாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். தேதியை மாற்றிச் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

“அப்ப யாரும்மா கை தட்டுனது?” என்றார்.

“நிறைய பேர் மாமா” என்றேன். இந்த மாதத்தில் அவரிடம் சொன்ன இரண்டாவது பொய்.