மெல்லச் சுற்றிய தாலாட்டு

நேற்றுப் பின்னேரம் உமது தம்பி ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் துணியால் மூடிய ஒரு பெட்டி. மூடியைத் திறந்ததும் பழைய றப்பரும் கடலீரமும் கலந்த மணம் எழும்பியது. அதோடு உமது வீட்டு ஹோலும் மத்தியானச் சோறும் கண்முன்னே வந்துவிட்டன. உமது அப்பா கப்பலில் வேலை செய்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த றெக்கோட் பிளேயர் அது. உடனே உமக்கு எழுத வேண்டும்போல் இருந்தது. நீர் இந்த உலகத்தை விட்டுப் போய்ப் பதினெட்டு வருடமாகிறது என்பது எனக்குத் தெரியும். என் மூளை சரியாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறைக் கந்தோரில் நாம் இருவரும் எழுதுவினைஞர்களாக இருந்தபோது, மத்தியானத்தில் வேலணை வரை போய்ச் சாப்பிட்டு வர எனக்கு நேரம் போதாது. உமது வீடோ கூப்பிடு தூரத்தில். "சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாரும், ஏன் இந்தப் புழுக்கத்துக்க கிடந்து சாகிறீர்?" என்று ஒருநாள் இழுத்துப் போனீர். அதன் பிறகு ஏழு வருடம் அங்கேதான் சாப்பாடு. வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் சாப்பிட மாட்டேன் என்பதால் மீன்சட்டியை மூடி வைத்துவிட்டு நீரும் பருப்போடு சாப்பிட்டீர்.

சோற்றில் கை வைக்கமுன் றெக்கோட் சுற்றத் தொடங்கிவிடும். மார்கழியோ சித்திரையோ, உமக்கு எப்போதும் அதே பாட்டு: யேசு பாலன் பிறப்புக்கான ஒரு தாலாட்டு. உமது அப்பா வேளாங்கண்ணிக்குப் போனபோது வாங்கி வந்த றெக்கோட். வானொலியில் அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் சைவக்காரி. ஆனாலும் அது என் பாட்டாகிவிட்டது.

உமக்குக் கட்டைக் குரல், மேலே ஏறாது. கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்பாட்டி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள் என்று நீரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர். அந்த றெக்கோட்டோடு மட்டும் உமது குரல் ஒரு சங்கடமும் இல்லாமல் சேர்ந்து நடக்கும். கையில் சோற்றோடு, கண்ணை மூடிக்கொண்டு பாடுவீர்.

"இந்த மனிசி ஒராள்தானப்பா எனக்கேத்த சுருதியில பாடுது" என்று றெக்கோட்டில் பாடுகிறவளைப் புகழ்வீர்.

"முள்ளு தொண்டைக்க போகப்போகுது, வாயை மூடிக்கொண்டு சாப்பிடும்" என்பேன்.

பிறகு இடம்பெயர்வு. நான் யாழ்ப்பாணப் பக்கம், நீர் மன்னார்ப் பக்கம். சில கடிதங்கள் வந்தன, பிறகு அதுவும் நின்றது. நீர் நோயில் படுத்ததும் போனதும் சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில். எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. உமது படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இருந்தது குரல் ஒன்றுதான், அதுவும் என் தலைக்குள்.

என் மகள் கனடாவிலிருந்து போன் அனுப்பி எட்டொன்பது வருடமிருக்கும். உலகத்துப் பாட்டெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். இருக்கட்டும். ஒன்று முடியமுன் விரல் அடுத்ததைத் தொட்டுவிடும். முப்பது பாட்டுக் கேட்டுவிட்டு ஒன்றுமே கேட்காத ஆள் மாதிரி எழும்பிப் போவேன். போன மாரிக்கு மகள் வந்து நின்றபோது அந்தத் தாலாட்டைத் தேடித் தரச் சொன்னேன். யூரியூப்பில் பிடித்துவிட்டாள். பாட்டுத் தொடங்கியது. சொற்கள் அதே சொற்கள். ஆனால் பாடியவள் ஆரோ சின்னப் பெண், குரல் எங்கோ உயரத்தில். அந்த ஓட்டத்துக்குத் தொட்டிலை ஆட்டினால் பிள்ளை வெளியில் விழும்.

"இது வேற ஆரோ பாடினது" என்றேன்.

"இல்லை அம்மா, இதுதான் ஒறிஜினல். றெக்கோட் கவரின்ர படமும் போட்டிருக்கு, பாருங்கோ. உங்களுக்குத்தான் ஞாபகம் பிசகிப்போச்சு."

கவர் அதேதான். அவள் அந்தச் சொல்லைச் சும்மா சொன்னாள், எனக்கு அது முள்ளாக ஏறிவிட்டது. என் அம்மா கடைசி மூன்று வருடம் "நீர் ஆரின்ர பிள்ளை?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தவ. எனக்கும் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அதன்பிறகு பஸ்ஸில் போனால் குறிகட்டுவான் வரையுள்ள தரிப்புகளை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் மடத்துவெளி விட்டுப்போயிற்று. அன்று முழுக்கச் சமைக்க ஏலாமல் இருந்தேன். இவ்வளவுக்கும் மேலே ஒரு பயம். நீர் அந்தப் பாட்டோடு சேர்ந்து பாடியவர். பாட்டை நான் பிழையாக வைத்திருந்தால் உமது குரலையும் பிழையாகத்தான் வைத்திருக்கிறேன். பிறகு உம்மில் எனக்கு என்ன மிச்சம்? அந்தப் பாட்டை விட்டேன். மெல்ல மெல்லப் பாட்டுக் கேட்பதையே விட்டேன்.

உமது தம்பி இந்த வருடம்தான் ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்திருக்கிறார். இடம்பெயர்ந்தபோது பெட்டியை வலையில் சுற்றி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். கொழும்பிலிருந்து ஊசி எடுப்பித்துப் போட்டிருக்கிறார். "நீங்கள்தான் அக்காவோட இருந்து கேட்ட ஆள். உங்களிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, பக்கத்தில் கரண்டைக் குறைத்து விடும் அந்தக் கனத்த இரும்புப் பெட்டியையும் வைத்து, தாலாட்டு றெக்கோட்டைப் போட்டுச் சுற்ற விட்டார். நான் கதிரையில் இருந்தேன்.

அந்த மனிசி பாடினாள். அவளேதான். அதே தாழ்ந்த குரல், அதே அவசரமில்லாத நடை. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"ஏன் அக்கா அழுறியள்?"

போன் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"போனில வாறதுதான் சரியான வேகம், அக்கா. இது அமெரிக்காக் கரண்டுக்குச் செய்த சாமான். எங்கட கரண்டில மெல்லத்தான் சுத்தும், குரலும் இறங்கித்தான் கேக்கும். அந்த இரும்புப் பெட்டி எரியாமல் காக்கும், வேகத்தைக் கூட்டாது. உள்ளுக்க ஒரு சின்னக் கப்பி மாத்தினால் சரி. மாத்தித் தரட்டே?"

"ஐயோ வேண்டாம் தம்பி, விடும்."

"எங்கட அக்காவும் இப்பிடித்தான் சொன்னவ. கந்தோரில சேர முந்தியே அவவுக்கு இது தெரியும். நான் திருத்த வெளிக்கிட, 'சரியாச் சுத்தினால் நான் என்னெண்டு பாடுறது?' எண்டு கத்தினவ."

கள்ளி! ஏழு வருடம் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன், ஒரு சொல் சொல்லவில்லையே நீர். வாயை மட்டும் அசை என்றவர்களுக்கு மறுமொழி சொல்லாமல் வந்து, பாட்டை உமது குரலுக்கு இறக்கி வைத்துக்கொண்டு தினமும் பாடியிருக்கிறீர். அந்த மனிசியை வேறு புகழ்ந்தீர். எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கிவிட்டது.

இன்று விடியவே கனடாவுக்குப் போன் எடுத்து மகளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"அம்மா, இது பிழையாச் சுத்துது."

"ஓம், பெட்டி பிழைதான். நான் சரி."

மத்தியானம் தனியாக இருந்து திரும்பவும் போட்டேன். பாடுகிறவள் நிறுத்தாத ஓர் இடத்தில் நீர் எப்போதும் மூச்சு எடுப்பீர். அந்த இடம் வரும்வரை காத்திருந்தேன். அவள் நிறுத்தாமல் போனாள். நீர் மூச்சு எடுத்தீர், கேட்டது. அம்மாவுக்கு வந்தது எனக்கும் ஒருநாள் வரலாம், ஆர் கண்டது. இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு உமது குரல் என்னிடம் முழுதாக இருக்கிறது, அது சரிதானோ என்று இனி நான் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.