நடுவில் ஓட்டை விட்ட மெத்தை

இன்று காலை பரணிலிருந்து உன் மெத்தையை இறக்கினேன். ரிஜெக்ட் ஆன ஆரஞ்சு பனியன் துணியில், வட்டமாய், நடுவில் ஓட்டை விட்டு, நான் ஸ்டூலில் போட்டு உட்கார நீ தைத்தது. உள்ளே அடைத்த கட்டிங் வேஸ்ட் கெட்டிப்பட்டுவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் மிஷின் ஆயில் வாசம். மகள் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, டயரா?" என்று சிரித்தாள். "உன்னைப் பெத்ததுக்கு எனக்குக் கிடைச்ச சீர்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் விளங்கும்படி சொல்வேன். மறைக்கமாட்டேன்.

வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் தையல், நீ பக்கத்து மிஷினில் பேட்லாக் தையல். நீ தெற்கத்திக்காரி, வாய் நீளம். நானோ எதற்கும் 'சரிங்க'. பிரசவம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பும்போது குழந்தை தவழ ஆரம்பித்திருந்தாள். தையல் போட்ட இடம் மட்டும் சரியானபாடில்லை. வெளியே ஆறிவிட்டது என்றார்கள். உள்ளே சுருக் சுருக்கென்று பிடித்து இழுத்தது. உட்கார்ந்தால் வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல், அவர் பக்கத்தில் வந்து படுத்தாலே உடம்பு விறைத்துக்கொள்ளும். அம்மாவிடம் சொன்னேன். "ஊருல இல்லாத புள்ளையவா பெத்துட்டே? போகப் போகச் சரியாயிரும் கண்ணு" என்றார். ஆஸ்பத்திரியில் சொன்னேன். அதையேதான் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஸ்டூலில் நான் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தைப்பதை நீ மட்டும்தான் கவனித்தாய். "ஏட்டி, என்னத்துக்கு ஒத்தத் தொடையில உக்காந்திருக்க?" என்று கேட்டாய். சொல்லித் தொலைத்தேன். நீ பரிதாபப்படவில்லை, உனக்குக் கோபம்தான் வந்தது. "இந்த மாதிரி ஒரு தையல நம்ம லைன்ல எவளாவது போட்டிருந்தா, செக்கிங்ல பிரிச்சு மூஞ்சில எறிஞ்சிருப்பாவ. ஒனக்கு மட்டும் பொறுத்துக்கிடணுமாக்கும்" என்றாய். மறுநாள் மெத்தை வந்தது.

அதற்குப் பிறகு வந்ததே ஒரு ஆடிட்! சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காக ஆள் வந்து பார்க்கும் நாள். அன்றைக்கு மட்டும் கக்கூஸில் சோப்பு இருக்கும். 'குறை ஒண்ணும் இல்லீங்க' என்று சொல்ல முதல் நாளே நமக்குப் பாடம் நடக்கும். சூப்பர்வைசர் காலையிலேயே என் மெத்தையை உருவி வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட்டார். நீ எழுந்துபோய் மூட்டையைக் கிளறி எடுத்து, உதறி, மறுபடி என் ஸ்டூலில் வைத்தாய். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆடிட் மேடம் வந்துவிட்டார். இது என்ன என்று என்னைத்தான் கேட்டார். "சும்மாதானுங்க" என்றேன், வழக்கம்போல.

"சும்மா இல்ல மேடம்" என்று நீ எழுந்து நின்றாய். "பிள்ள பெத்த எடத்துல இவளுக்கு இன்னும் வலிக்கு. நாள் முழுக்க அந்த வலியோடதான் ஒங்க சட்டையத் தைக்கா."

லைன் முழுக்க மிஷின்கள் நின்றன. எனக்குத் துணிக்கட்டுக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சூப்பர்வைசர் ஃபேனைப் பார்த்தார். மேடம் ஏதோ குறித்துக்கொண்டு போனார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் நான் உன்னோடு சாப்பிட உட்காரவில்லை. "என்ற மானத்த வாங்கிட்டயே புள்ள" என்று அழுதேன். "மானம் போறதுக்கு நீ என்னத்தக் களவாண்ட?" என்றாய்.

டீ நேரத்தில் செக்கிங் டேபிள் அக்கா மெல்ல வந்தார். "இருமுனா எனக்கு நனைஞ்சுக்குது கண்ணு. பையன் காலேஜே போறான், இன்னும் அப்படித்தான். ஆர்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். "சத்தமாச் சொல்லுங்கக்கா, டீக்காரரும் கேக்கட்டும்" என்றாய் நீ. அக்கா சிரித்தார், சிரித்ததில் நனைந்தும் போனார், அதற்கும் சேர்த்து மூன்று பேரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலமே வீட்டில் அவரிடம் சொன்னேன்: "எனக்கு வலிக்குதுங்க. நானாச் சொல்ற வரைக்கும் கிட்ட வராதீங்க." சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தார். புதிதாய் வந்திருந்த டாக்டரம்மா, தழும்பு இறுகிக் கிடக்கிறது என்று சொல்லி, களிம்பு எழுதி, பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். "இத்தனை நாளா ஏம்மா வரலை?" என்று அதட்டவும் செய்தார். "வந்தேனுங்க. இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். சரியாயிரும்னு அனுப்பிச்சு வெச்சீங்க" என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் விசில் அடித்திருப்பாய்.

முக்கால்வாசி சரியாகிவிட்டது. மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. ரொம்ப நேரம் உட்கார்ந்தால் இன்னும் பிடித்து இழுக்கும். போன ஆடியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போன நீ, ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உன் மிஷினில் இப்போது ஒரு வடநாட்டுப் பெண். குழந்தை பெற்று இந்த வாரம்தான் திரும்பியிருக்கிறாள். ஒற்றைத் தொடையில் உட்கார்ந்து தைக்கிறாள். நேற்று ஜாடையில் கேட்டேன். கண் கலங்கத் தலையாட்டினாள். அதற்காகத்தான் மெத்தையை இறக்கினேன்.

அவள் ஸ்டூலில் அதை வைத்ததுமே சூப்பர்வைசர் வந்துவிட்டார். இவர் புது ஆள். "என்னக்கா, கண்ட குப்பையெல்லாம் கொண்டாந்து வெக்கறீங்க?" என்றார். நான் உன்னைப் போல இல்லை, முதலில் அவளைக் கேட்டேன். "போலூ?" என்றேன், சொல்லட்டுமா என்று. எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். "போலோ தீதி" என்றாள், சொல்லுக்கா என்று.

எழுந்து நின்றேன். "குப்பை இல்லீங்க. புள்ளை பெத்த எடத்துல இவளுக்கு வலிக்குது. எனக்கும் இன்னும் வலிக்குது. கொஞ்ச நேரம் நின்னுட்டு அப்புறந்தானுங்க உக்காருவேன்."

மிஷின்கள் நின்றன. அவர் ஃபேனைப் பார்த்தார். அந்தப் பெண் இரண்டு தொடையும் பட நேராக உட்கார்ந்தாள். நான் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தேன்.

உனக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.