மூன்றாம் பேஸைத் தொட்டானா?

கிரோன்பெர்க், மினசோட்டா
ஆகஸ்ட் 14, 1974, புதன்கிழமை

அன்பு மகள் மார்லிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே பசுக்கள் நலம், தோட்டம் நலம், வெள்ளரி கொட்டோ கொட்டென்று காய்த்து என் இடுப்பை ஒடிக்கிறது, மற்றபடி நானும் நலம்தான். எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது என் வழக்கம், இந்தத் தடவை அப்பாவையும் உன் தம்பி லெராயையும் அந்த வரியில் சேர்க்கக் கை வரவில்லை. பயந்துவிடாதே, யாருக்கும் காய்ச்சல் இல்லை, யாரும் எங்கும் விழவில்லை. இருவரும் சாப்பிடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, அவ்வளவுதான். போன் செய்து சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டுப் போன் சமையலறைச் சுவரில் அப்பாவின் தலைக்கு மேலே தொங்குகிறது, அவர் பால் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை, அவருக்குக் கேட்காமல் நான் எதைச் சொல்வது. அதனால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நமக்கும் லேக் அன்னா ஊருக்கும் வட்டார பேஸ்பால் இறுதி ஆட்டம் நடந்தது, ஜெயிப்பவர்களுக்கு மாநிலப் போட்டி. வரவேண்டிய அம்பயர்களில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, வரவில்லை. மைதானத்தில் அம்பயர் சட்டை வைத்திருப்பவர் உங்கள் அப்பா ஒருவர்தான், அதுவும் வண்டியில் எப்போதும் இருக்கும். அவர் முடியவே முடியாது என்றார், என் மகன் ஆடுகிற ஆட்டம், நான் நிற்கக்கூடாது என்று காரின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். லேக் அன்னா அணியை நடத்துகிற நோர்பர்ட்தான் விடவில்லை. "அலாய்ஸ்தானே, அவன் பொண்டாட்டியவே அவுட் குடுக்கிற ஆளு, போய் நில்லுப்பா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஓடுகிறவர்கள் வரிசையாக மிதித்துப் போக வேண்டிய பேஸ்களை அப்பா பார்த்துக்கொண்டார், வேறு ஊர்க்காரர் ஒருவர் பந்தடிக்கிறவன் பின்னால் நின்றார். நான் வழக்கம்போல மூன்றாம் பேஸ் பக்கத்துப் பெஞ்சில், நோர்பர்ட்டின் மனைவி ஏர்மாவுக்குப் பக்கத்தில். நான் எப்படி உட்காருவேன் என்று உனக்குத் தெரியுமே, அம்பயர் மனைவி கைதட்டக்கூடாது, கத்தக்கூடாது, புருஷனைக் குருடன் என்று திட்டுகிறவர்களைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது. கல்யாணமான நாள் முதல் அந்தப் பெஞ்சில் நான் ஒரு மூட்டை மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டம் கடைசி இன்னிங்ஸ் வரை சமமாக இருந்தது. லெராய் முதல் பேஸில் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே வேலி வரை உருண்டது, லெராய் ஓட ஆரம்பித்தான். அந்த முட்டியோடு அவன் ஓடுவதை நீ பார்த்ததில்லை மார்லிஸ், பெரிய அணிக்காரர்கள் ஒரு கோடை வைத்துப் பார்த்துவிட்டு முட்டி சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்களே, அதற்குப் பிறகு அவன் இப்படி ஓடியதே இல்லை. ஊரே பந்தைப் பார்த்தது, நான் மகனைப் பார்த்தேன். மூன்றாம் பேஸைச் சுற்றும்போது அவன் கால் பேஸில் படவில்லை. உள்பக்கம் மண்ணில் பட்டது, தூசி எழும்பியது, பேஸ் மெத்தை வெள்ளையாக அப்படியே கிடந்தது. அப்பா கைக்கெட்டும் தூரத்தில் நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுகள் சிவந்தன. லெராய் ரன் எடுத்து வந்து சேர்ந்தான், நாம் ஜெயித்தோம், ஆட்டம் முடிந்தது, நம் ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள், நான் ஏர்மாவுக்குப் பக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா எப்போதும் ஆட்டம் முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே காருக்குப் போகிறவர். அன்று போகவில்லை. மூன்றாம் பேஸுக்குப் பக்கத்திலேயே கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். எதற்கென்று எனக்குப் புரிந்தது. பேஸைத் தொடாமல் ஓடியவனை அம்பயர் தானாக அவுட் என்று சொல்லக்கூடாது, எதிரணியில் யாராவது வந்து கேட்க வேண்டும், கேட்டால் அவுட், அந்த ரன் கிடையாது. அவர்கள் மைதானத்தை விட்டு வெளியேறுகிற வரை கேட்கலாம், வெளியேறிவிட்டால் அதோடு போயிற்று. நோர்பர்ட்டின் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டிப் போனார்கள், கடைசியில் ஒரு நெட்டைப் பையன் தொலைவிலிருந்து கையுறையைத் தொடையில் தட்டிக்கொண்டே மெதுவாக வந்தான், அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேளடா, கேளடா என்று என் மனசு அடித்துக்கொண்டது, என் மகன் தோற்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான். அந்தப் பையன் அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இதோடு போயிருந்தால் நாங்கள் இருவரும் விழுங்கியிருப்போம். செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் படம் வந்துவிட்டது. லெராயின் கால் மண்ணில், பேஸ் தனியாக, அப்பாவின் கண் நேராக அந்தக் காலின்மேல், இதைவிடத் தெளிவாக யாராலும் எடுக்க முடியாது. அன்று மாலையே நம் வாசல் கம்பத்தில் யாரோ பேஸ் மாதிரி வெள்ளைச் சாக்கு ஒன்றை ஆணியடித்து "இதாவது கண்ணுக்குத் தெரியுதா" என்று எழுதி வைத்திருந்தார்கள். லேக் அன்னாக்காரர்கள் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கிறார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொள்கிறார், நம் ஊர்க்காரர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. தொழிற்சாலையில் முதுகில் தட்டி, "மகனுக்குச் செய்யாம வேற யாருக்குய்யா செய்வே" என்று பீர் வாங்கித் தருகிறார்களாம். அந்தப் பீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நோர்பர்ட் கடைத்தெருவில், "நான் கேக்கல, என் கண்ணு பந்து மேல இருந்துச்சு, தப்பு என்னுதுதான். ஆனா இத்தன வருஷம் பழகினவன் ஒரு கண்ஜாடை காட்டக்கூடாதா" என்றானாம். கண்ஜாடை காட்டினால் அவர் அம்பயரா, அதை யார் போய் அவனுக்குச் சொல்வது. இன்று காலை ஏர்மா வந்து நான் கொடுத்தனுப்பியிருந்த கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கழுவித் துடைத்து, வெறும் பாத்திரமாக. நம் பக்கத்தில் யார் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருகிறார்கள், ஒரு துண்டு கேக், இல்லையென்றால் நாலு தக்காளியாவது போட்டுத்தானே தருவார்கள். நான் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு அழுதேன்.

லெராய் நேற்று வந்தான், வீட்டுக்குள் வரவில்லை, என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டுப் பேசினான். கால் படவில்லை என்று அவனுக்கு ஓடும்போதே தெரியுமாம், அப்பா பார்த்ததும் தெரியுமாம். சட்டம் உனக்குத் தெரியாதாடா என்றேன். "சட்டம் தெரியும்மா, நான் அவர்கிட்டதான கத்துக்கிட்டேன். ஆனா வேற வீட்டுப் பையனா இருந்து, அவங்க வந்து கேட்டிருந்தா அவுட் குடுத்திருப்பாரு. நானா இருந்து, அவங்க கேட்டிருந்தா? குடுத்திருப்பாரா? அது எனக்குத் தெரியல. அது தெரியாம அந்த ரன்ன வெச்சுக்கிட்டு நான் எப்படி ஆடுறது. முட்டி போனதுலருந்து எல்லாரும் எனக்குப் பாவம் பாக்குறாங்க, இவரும் பாத்துட்டாரோன்னு இருக்கு" என்றான். மாநிலப் போட்டியில் ஆட மாட்டேன் என்கிறான். சரி, அப்பாவிடமே போய்க் கேள் என்று தள்ளினேன். ஏற்கெனவே கேட்டுவிட்டேன், "நீ எதிரணியாடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார் என்றான் அவன். நான் கேட்டபோது எனக்கும் அதே பதில்தான், "நீ எதிரணியா ஹில்டகார்ட்?" அந்த மனிதரைப் பிடித்துச் சுவரில் முட்டலாமா என்று வந்தது. ஆனால் நேற்று மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது, என்னிடம் சொன்னாரோ மாட்டிடம் சொன்னாரோ தெரியவில்லை, "சட்டத்துக்காக வாய மூடினேனா, பையனுக்காக மூடினேனா, வெளிய பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. நேற்று மாலை அவர் மாடியிலிருந்து நீங்கள் சின்ன வயதில் பகடை உருட்டி ஆடிய பழைய பேஸ்பால் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். சமையலறை மேசையில் பாதியை அது பிடித்துக்கொண்டது, மீதிப் பாதியில் நான் வெள்ளரிக்காயும் வினிகரும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன். ஆட்டக்காரர் அட்டைகளுக்குப் பின்னால் அவரே எழுதிச் சேர்த்த பக்கம் இருக்கிறதே, நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடுவது, பந்து வேலியில் சிக்கிக்கொள்வது, இரண்டு பேர் ஒரே பேஸில் வந்து நிற்பது என்று எங்கேயோ எப்போதோ நடப்பதையெல்லாம் சேர்த்து வைத்தாரே, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு மனுஷனைத் தெரியாது, அவன் அட்டையில் ஓடுகிறவன் எல்லா பேஸையும் தொட்டுவிட்டே ஓடுகிறான் என்று சொல்லி பேஸைத் தொடாமல் ஓடுவதையும் அவர்தானே சேர்த்தார். யாராவது ஓடினால் கறுப்புப் பகடையைத் தன் தொப்பிக்குள் உருட்டி, தான் மட்டும் பார்த்து, தொப்பியை மேலே கவிழ்த்துவிடுவார், ஒன்று விழுந்திருந்தால் ஓடியவன் பேஸைத் தொடவில்லை. அடுத்த பகடை உருளுவதற்குள் எதிரில் இருப்பவர் கேட்க வேண்டும். ஒன்று விழுந்த ஒவ்வொரு தடவையும் நீ சரியாக "தொட்டானா" என்று கேட்பாய், லெராய் பலகையைக் கவிழ்த்துவிட்டு அழுவான். அப்பாவின் காது சிவப்பதைப் பார்த்துத்தான் நீ கேட்டாய் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

இப்போது அந்தப் பலகையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார். லெராயாக வைத்த குச்சி ஓடி வந்து சேர்ந்துவிட்டது. மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் அவருடைய அம்பயர் தொப்பி கவிழ்ந்து கிடக்கிறது. அடுத்த பகடையை உருட்டவே மாட்டேன் என்கிறார், கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தொப்பியைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதைச் சுற்றித்தான் மேசையைத் துடைக்கிறேன். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று இன்று வெள்ளரிக்காய் நறுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்க முடியாது, லெராய் கேட்க முடியாது, நோர்பர்ட் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. அந்த மேசையில் எதிரணி என்று இருந்தது நீ ஒருத்திதான்.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு மாலை மாநிலப் போட்டி. அன்று பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு லெராயை எப்படியாவது இழுத்துக்கொண்டு வந்து மேசையில் உட்கார வைத்துவிடுவேன், அதற்காகக் கோழி அடிக்கிறேன். சரியாக மதியம் பன்னிரண்டுக்குப் போன் செய், அலாஸ்காவில் உன் கொடியாக் தீவில் அப்போது காலை எட்டுதான், ஞாயிற்றுக்கிழமை நீ தூங்குகிற நேரம், பரவாயில்லை, ஒரு நாள் எழுந்திரு. நான் எடுத்து அப்பாவிடம் கொடுப்பேன். நலமா, மழை உண்டா, சோளம் எப்படி என்று எதையும் ஆரம்பிக்காதே, ஆரம்பித்தால் அவர் சோளத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார். தொட்டானா என்று மட்டும் கேள். தன் மகனை அவுட் என்று அவர் வாயால் சொல்வதை லெராய் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்பது அவனுக்கும் தெரிய வேண்டும், அவருக்கும் தெரிய வேண்டும். ஒருவேளை அப்போதும் அவர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை மகளே. அதற்கு மேல் யோசிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய், தேன் குடி, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் மருந்து சாப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், அழகுக்காக இல்லை, போட்டுக்கொள்வதற்கு. கடவுள் உன்னை அந்தக் குளிரிலும் கடலிலும் பத்திரமாக வைத்திருக்கட்டும், நீ கைவைக்கும் நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். நேரம் பன்னிரண்டு, மறந்துவிடாதே.

மேசையில் உன் நாற்காலிமேல் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கியிருந்தேன். இன்று எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டேன். அப்பா அந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தார், காது சிவந்தது.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ஹில்டகார்ட்