எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் போகும் லைன்

அம்மான் நகரம்,
வெள்ளிக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து நாள் முன்பு.

அன்பு மகள் லுஜைனுக்கு, உன் உம்மா எழுதுவது. உன்மேல் இறைவனின் சாந்தி நிலவட்டும். நான் நன்றாக இருக்கிறேன், கால் வீக்கம் வடிந்துவிட்டது, இரண்டு மாடிப் படியை நிற்காமல் ஏறுகிறேன், மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்சம் நின்று கொள்கிறேன். நீயும் இருமல் விட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் எதற்கு, குரலில் சொல்லி அனுப்பலாமே என்பாய். குரலில் சொன்னால் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன், பிறகு அழித்துவிடுகிறேன். நேற்றும் மூன்று தடவை அழித்தேன். எங்கள் பள்ளி வேதியியல் டீச்சரின் தங்கை ஞாயிற்றுக்கிழமை லைப்ஸிக் வருகிறாள், அவள் கையில் இதையும் ஒரு பொட்டலம் ஸஅதர் மூலிகைப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன். ஸஅதரை வெயில் படாமல் வை.

முதலில் கார் விஷயம். போன கோடையில் நீ வந்திருந்தபோது நாம் இரண்டு பேருமாகப் போய் வாங்கின சாம்பல் நிறக் கார் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் இந்தப் பத்து மாதம் நான் பட்ட பாட்டை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை பள்ளி விட்டதும் பொது சார்ஜிங் நிலையத்துக்குப் போய் வரிசையில் முக்கால் மணி நேரம், செருகிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம். சுற்றிலும் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், சிகரெட், தேநீர். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஒருவர் கண்ணாடியைத் தட்டி 'டீச்சர், கதை எப்படிப் போகுது, அந்தப் பையன் செத்துட்டானா இல்லையா' என்று கேட்டார். முந்தின வாரம் அட்டைப் படத்தைப் பார்த்து விசாரித்தவர்தான். கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனால் அங்கே என்னைப் பார்த்த யாரோ இர்பிதில் இருக்கும் உன் ராத்திப் மாமாவிடம், உன் தங்கச்சி சார்ஜ் போடற இடத்துல ஆம்பளைங்க நடுவுல தனியா உக்காந்து புத்தகம் படிக்கிறா என்று சொல்லிவிட்டார்கள். அன்றே மாமா போன் செய்தார். 'நஸீபா, ஆறு வருஷமா நீ சொன்னதத்தான் கேட்டேன். மாப்பிள்ளை இறந்துபோனப்ப லுஜைன் படிக்கணும்னே, சரின்னேன். இப்ப அவளும் போயிட்டா. அந்த வீட்டுல யாருக்குக் காவல் இருக்கே? என் மேல்மாடி சும்மாதான் கிடக்கு' என்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாந்தமாகப் பேசினார். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்: வீட்டுக்கு சார்ஜிங் லைன் இழுக்கப் போகிறேன், ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் அது வந்துவிட்டால் நான் இங்கேயே இருப்பேன், வராவிட்டால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று. மாமா அதைப் பிடித்துக்கொண்டார். நீ அங்கே இன்னும் இரண்டு வருடப் படிப்புக்கும் வேலைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்ன அதே வாரம் இது. உன் செய்திக்கு நான் 'நல்லது' என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பினேன் அல்லவா, அப்போது என் கையில் வேறு வார்த்தை இல்லை, கோபம் என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடு.

எலக்ட்ரீஷியன் ஃபக்ரி வந்து பார்த்தான். நம் மீட்டர் கட்டடத்தின் முன்வாசலில் இருக்கிறது, கார் நிற்கும் இடம் பின்னால் சரிவில், கட்டடத்துக்கு அடியில். நடுவில் தரைத்தள வீட்டின் தோட்டம். அதன் உட்சுவரை ஒட்டி, எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் குழாய் போட்டால் பதினாலு மீட்டர், சுற்றிக்கொண்டு போனால் தெருவைத் தோண்ட வேண்டும், அதற்கு அனுமதி கிடைக்காது. ஆக மின்சாரக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய தாளில் தரைத்தள வீட்டுக்காரர் அபூ நவ்ரஸ் கையெழுத்து வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, காரணம் எல்லாம் விளக்கி, வரைபடமும் போட்டு, அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதி அவர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா அது. பத்து நாள் பதில் இல்லை. பிறகு அவர் ஃபக்ரியை வாசலில் மடக்கி, 'நான் என்ன கோர்ட்டா, கதவுக்கு அடியில மனு போட? மூணாம் மாடியில இருந்து இறங்கறதுக்குப் படி இல்லையா அந்தம்மாவுக்கு? அந்த வண்டி எல்லாம் தீப்பிடிக்குதாம், என் படுக்கை அதுக்கு நேர் மேல, முடியாதுன்னு சொல்லு' என்றாராம். அவர் கோபம் தீயைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் அவர் மனைவி உம்மு நவ்ரஸ் இறந்தபோது நான் மூன்றாம் நாள் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தவள், அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. துக்க வீட்டில் என்ன பேசுவதென்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னதுதான் அடுத்த தப்பு. 'எட்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன், பெரிய மனுஷங்க, முறைப்படி போய்க் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியாது' என்றார். ஒரு வயருக்காக எட்டுப் பேர் கோட்டு போட்டுக்கொண்டு வருவதை நினைத்துச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர்கள் வாங்கிக் கொடுத்த சம்மதத்தில் நான் இங்கே இருந்தால் அதுவும் மாமா வீட்டு மேல்மாடிதான். வேண்டாம் என்றேன். நானே போவது, மாமா மகள் டீமா அக்காவைப் பெண் கேட்க வந்தவர்கள் செய்தமாதிரியே, கொடுத்த காப்பியைத் தொடாமல் கீழே வைப்பது, கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்பேன் என்று சொல்வது என்று முடிவு செய்தேன். சமையலறையில் காலிக் கோப்பையை வைத்து இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன், சிரிக்காதே.

சனிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தட்டு பேரீச்சம்பழ மஅமூல் பிஸ்கட் சுட்டு எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவரே கதவைத் திறந்தார், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவர் மகன் நவ்ரஸ் ஷார்ஜாவிலிருந்து இந்தப் பெருநாளுக்கும் வரப்போவதில்லையாம். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, உட்காரச் சொல்லி, உள்ளே போய் வெகுநேரம் பாத்திரங்களை உருட்டினார். பிறகு கெண்டியும் சின்னக் கோப்பையுமாக வந்து நின்றபடியே ஊற்றிக் கொடுத்தார். லுஜைன், ஏலக்காய் வாசம் வந்தது, கோப்பை சூடாக இருந்தது, நான் வாங்கிக் குடித்துவிட்டேன். மூன்று மிடறு. குடித்து முடித்த பிறகுதான் எதற்கு வந்தேன் என்பது ஞாபகம் வந்தது. நீ லைப்ஸிக் திரும்பிப் போன செப்டம்பரிலிருந்து எனக்கு இன்னொருவர் காப்பி ஊற்றிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை, அதை அப்போதுதான் உணர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'குடிச்சுட்டியே, உம்மு லுஜைன். கேக்க வந்தவ குடிச்சுட்டா அப்புறம் எதக் கேப்பே? நான் நாலு நாளா என்ன சொல்லணும்னு யோசிச்சு வெச்சிருந்தேன்' என்றார். ஃபக்ரியிடம் சொல்லியிருந்தேன், அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை போல. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன், இர்பித் மேல்மாடியும் அதன் இரும்புப் படியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்தப் பதற்றத்தில் போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்ட மறந்துவிட்டேன், அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டாத கோப்பையை எந்த வீட்டுக்காரர் காலியாக விடுவார், அவர் மறுபடி ஊற்றினார். இந்தத் தடவை கையை அடக்கிக்கொண்டு கோப்பையை மேசையில் வைத்தேன். எனக்கு உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும் என்றேன். ஒத்திகை பார்த்த மற்ற வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

அவர் எதிரில் உட்கார்ந்து அந்தக் கோப்பையைப் பார்த்தார். 'இது கணக்குல வருமா?' என்றார். எனக்குத் தெரியலை என்றேன். 'மொதக் கோப்பையக் குடிச்சது பக்கத்து வீட்டுக்காரி. நாலு மாசம் கழிச்சு வந்தா. இத வெச்சிருக்கிறவதான் காரியமா வந்தவ. அப்படி வெச்சுக்கலாம்' என்றார் தனக்குத்தானே. பிறகு எலுமிச்சையை வெட்டணுமா என்று கேட்டார். ஒரே ஒரு கிளை என்றேன். எந்தக் கிளை என்று காட்டச் சொல்லித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார், அது உம்மு நவ்ரஸ் நட்டதாம், கிளையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், இது காய்க்காத கிளைதான் என்றார். நான் அப்போதுதான் சொன்னேன், அவங்க இறந்தப்ப நான் சரியா வந்து உக்காரலை, என்ன சொல்றதுன்னு தெரியலை என்று. 'யாருக்குத் தெரியும்? வந்தவங்க எல்லாம் பேசுனாங்க. ஒண்ணும் காதுல ஏறல. நீ சும்மா வந்து உக்காந்திருந்தாலே போதும்' என்றார். உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, 'காப்பியக் குடி, வந்த காரியம் முடிஞ்சுது. ஆறிப்போனது உன் தப்பு' என்றார். குடித்தேன். ஏலக்காய் ரொம்பவே அதிகம், அதை நான் அவரிடம் சொல்லவில்லை, நீயும் யாரிடமும் சொல்லாதே.

புதன்கிழமை ஃபக்ரி வந்து சுவரில் துளை போட்டு, குழாயைப் பதித்து, கார் நிற்கும் தூணில் பெட்டியை மாட்டினான். அபூ நவ்ரஸ் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து ஆணிக்கு ஆணி விசாரித்தார். ஃபக்ரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு 'பெரியவரே, இது கார் சார்ஜர், நீங்க பாக்கற பார்வைக்கு அதுவே பயந்து கருகிடும்' என்றான். நேற்று கம்பெனி ஆள் வந்து பார்த்துத் தனி மீட்டருக்கு முத்திரை வைத்தார். இன்று காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு இறங்கிப் போய் முதல் தடவையாக நம் வீட்டு மின்சாரத்தைக் காருக்குச் செருகினேன், காலையில்தான் கட்டணம் குறைவு. பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். மேலே ஏறி வந்து, ரொட்டியைச் சூடு செய்து உட்கார்ந்த பிறகு, இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது உறைத்தது. அதற்காகத்தான் இத்தனை நாள் போராடினேன், தனியாக இருப்பதற்காக. கிடைத்துவிட்டது. எட்டு மணிக்கு மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். 'சரி, அப்ப மேல்மாடிய வாடகைக்கு விட்டுடறேன். உன் அறைக்கு வெள்ளை அடிச்சு வெச்சிருந்தேன், புத்தகத்துக்கு அலமாரியும் சொல்லியிருந்தேன்' என்றார். அலமாரி பற்றி அதுவரை எனக்குத் தெரியாது. போனை வைத்த பிறகு நான் கொஞ்சம் அழுதேன். முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் போக ஓர் இடம் இருந்ததும் இனி இல்லை. பெருநாளன்று மாமாவை நீ கட்டாயம் கூப்பிட்டுப் பேசு, அலமாரி பற்றி உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

நீ ராத்திரி வேலைக்குப் போகும் நாட்களில் வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே, பருப்பு சூப் வைத்து மூன்று நாளைக்குப் பிரித்து வைத்துக்கொள். ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கு என் சலாம் சொல். ஆண்டவன் உன் காலடியை நேராக்கட்டும், அந்நிய ஊரில் உனக்கு நல்ல முகங்களைக் காட்டட்டும், எங்கே இருந்தாலும் உன் நெஞ்சு குளிர்ந்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிட்டேன். கார் வாங்கியபோது என் பழைய போனில் அந்தச் செயலி ஏறாததால் உன் எண்ணில் பதிந்தோம், கார் நிறைந்ததும் உனக்குத்தான் செய்தி வருகிறது, வகுப்பு நடுவில் போன் அடிக்கிறது, எண்ணை மாற்று என்று நீ நான்கு தடவை சொல்லிவிட்டாய். புதுப் போனில் எப்படி மாற்றுவது என்று ஃபக்ரி காட்டிக் கொடுத்துவிட்டான், இரண்டு நிமிட வேலை. நான் மாற்றவில்லை. இன்று பத்து மணிக்கு உன் போன் ஒருமுறை அடித்திருக்கும், இனி மூன்று நாளைக்கு ஒருமுறை அடிக்கும். அடித்தால் நான் கீழே இறங்கிப் போய்ச் செருகினேன், படி ஏறி மேலே வந்தேன், நன்றாக இருக்கிறேன் என்று எடுத்துக்கொள். பதில் அனுப்ப வேண்டியதில்லை.

உன் வரவுக்கு அல்ல, உன் நலத்துக்கு துஆ கேட்கும்
உன் உம்மா,
நஸீபா