தண்ணீர் லாரி வரும்வரை

ரியாத்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஷர்மினியின் வணக்கம். பாயான் பாருவில் நீங்களும் அம்மாவும் சுகம்தானே? உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே காற்றில் தூசியைக் குறைக்கச் சாலையோரமெல்லாம் மரம் நடுகிறார்கள். கட்டுமான இடங்களில் தண்ணீர் தெளித்த பிறகுதான் மண் தோண்டலாம். அதைச் சரிபார்ப்பதுதான் என் வேலை.

போன வாரம் பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓர் இடத்தில் தண்ணீர் தெளிக்காமலே தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மேற்பார்வையாளர் நம்ம ஊர்ப்பக்கத்து ஜுருக்காரர், டெரிக் அண்ணன். இந்த ஊரில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள்.

“தண்ணி லாரி ரிப்பேர்மா. இன்னைக்கு ஒரு நாள் விட்டுரு லா.”

“பக்கத்துல பிள்ளைங்க இருக்குதுங்க அண்ணே. தண்ணி வந்ததும் தோண்டுங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தினார். அதற்கப்புறம் பேசவே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவரோடுதான் சாப்பிடுவேன்; இந்த முறை தனியாகத்தான் சாப்பிட்டேன். நேற்று அவரே போன் செய்தார். “ரெண்டு லாரி வச்சிருக்கேன். வந்து பாரு.” பிறகு, “சாப்பிட்டியா?” என்றார்.

அம்மாவிடம் கொஞ்சம் ஜாதிக்காய்த் தைலம் அனுப்பச் சொல்லுங்கள். லேசான இருமல்தான். அப்புறம், அங்கே பெரிய மழை பெய்தால் ஜன்னலைத் திறந்துவைத்து எனக்குப் போன் போடுங்கள். எதுவும் பேச வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது அப்பா.

உங்கள் மகள்,
ஷர்மினி